மூச்சை அளந்து வெட்டுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் பர்மிங்காமில் வீட்டிலிருந்தபடி பிளவுஸ், பாவாடை தைத்துக் கொடுப்பவள். என் அண்ணன் மகள் மேற்கத்திய சங்கீதம் படிக்கிறாள், சோப்ரானோ என்கிற உச்சக் குரல். கல்லூரியில் 'லா டிராவியாட்டா' ஓபெரா போடுகிறார்கள், அவள்தான் கதாநாயகி வயலெட்டா. உடைக்குப் பணம் குறைவு என்பதால் உள்ளே அணிகிற, கம்பி வைத்து முதுகில் கயிற்றால் இறுக்கிக் கட்டும் கார்செட்டைத் தைக்கும் வேலை என்னிடம் வந்துவிட்டது. கடையில் வாங்கிய பேட்டர்னில் 'இடுப்பளவில் 4 அங்குலம் குறைத்துக்கொள்ளவும்' என்று இருந்தது. அப்படியே தைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் போட்டுக்கொண்டு பாடினால் நீண்ட வரிகளில் பாதியிலேயே மூச்சு தீர்ந்துவிடுகிறது, தோள் மேலே ஏறுகிறது. ஒரு முறை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பக்கமும் கிழித்து எலாஸ்டிக் வைத்தேன். முன்பைவிடக் களைப்பாக இருக்கிறது என்கிறாள். கம்பிகளையெல்லாம் உருவிவிடட்டுமா? பாடுகிறவள் கார்செட் போடவே கூடாதா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தலை சுற்றி உட்கார்ந்தாள் என்ற பிறகு அந்தக் கார்செட்டுக்கு வேறு சோதனை தேவையில்லை. ஒத்திகைக்குக்கூட அதை அவள் இனிப் போட வேண்டாம். அதைப் போடாத நேரத்திலும் தலை சுற்றுகிறது என்றால் அது நம் கத்தரிக்கோலுக்கு அப்பாற்பட்ட விஷயம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பாடுகிறவள் கார்செட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். ஜென்னி லிண்ட், அடெலினா பாட்டி என்று 19ஆம் நூற்றாண்டை மயக்கிய பாடகிகள் எல்லாம் கார்செட் காலத்துப் பெண்கள்தான். ஆனால் அந்தக் காலத்துப் பெண் சிறு வயதிலேயே கார்செட்டுக்குப் பழகிவிடுவாள். பாட்டும் அதற்குள்ளேயே வளரும். உங்கள் மருமகள் பனியனும் கால்சட்டையுமாக நின்று மூச்சுப் பயிற்சி செய்து வளர்ந்தவள். அவள் கற்றுக்கொண்ட மூச்சுக்கு இடம் விட்டு வெட்டுவதுதான் நம் வேலை. அழகு அதற்குப் பிறகு, அதையும் வேறு வழியில் கொண்டுவரலாம்.

மேடைக்கு உடை வெட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பாடும்போது உடம்பில் எங்கே எது அசைகிறது என்று பார்த்தீர்களா என்பதுதான். அவளை ஒரு மெல்லிய பனியனோடு நிற்கவைத்து, நீங்கள் பின்னால் நின்று, இரண்டு கைகளையும் அவளது கடைசி விலா எலும்புகள் மேல் வையுங்கள். ஒரு நீண்ட வரியைப் பாடச் சொல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது உங்கள் கைகள் இரண்டும் பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்னோக்கியும் விலகும். நுரையீரலுக்குக் கீழே உள்ள உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குவதால் வயிறு முன்னால் வரும். பயிற்சி உள்ள பாடகி பாடும்போது அந்த விலாவைச் சட்டென்று விழவிடமாட்டாள். விரிந்த நிலையிலேயே பிடித்துவைத்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பாள். ஆக அவளுக்கு விரிவு என்பது ஒரு நொடி வந்து போகிற சமாசாரம் அல்ல, பாட்டு நடக்கும் நேரத்தில் பெரும்பகுதி அவள் உடம்பின் அளவே அதுதான். நாமோ சும்மா நிற்கும்போது டேப்பைப் போட்டு ஒரு எண்ணை எழுதிக்கொண்டு, அதிலிருந்து 4 அங்குலத்தையும் கழிக்கிறோம்! விலாவும் வயிறும் அடைபட்டால் காற்றுக்கு மிச்சமுள்ள ஒரே வழி மேல்மார்பு. தோள் ஏறுவதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. பேட்டர்னில் இடுப்புக் கோடு எந்த உயரத்தில் இருந்தது, அவளுடைய இடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது? கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் இடையில் எலும்பே இல்லாத மெத்தென்ற பகுதி ஒன்று உண்டு. சிலருக்கு அது நான்கு விரல் அகலம்; சிலருக்கு இரண்டு விரல்தான். கார்செட் எதையாவது நெருக்கலாம் என்றால் அந்த இடத்தை மட்டும்தான். உயரமான பெண்ணுக்கோ குட்டையான பெண்ணுக்கோ அந்தக் கோடு ஒரு அங்குலம் மேலே போய்விட்டால், இடுப்பு என்று நினைத்து நீங்கள் விலாவைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பழைய கார்செட்டைத் தூர வைக்கும் முன் அதில் மிக ஒடுங்கிய இடத்தைச் சாக்பீஸால் குறித்து, அவள் உடம்போடு வைத்துப் பாருங்கள். பாதிக் குற்றம் அங்கேயே பிடிபட்டாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

வெட்டத் தொடங்கும் முன் இயக்குநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்பது. இந்த ஓபெராவில் அது விளையாட்டான கேள்வி அல்ல. இதற்கு இசையமைத்த வெர்தி இதைத் தன் காலத்துக் கதையாகவே எழுதினார். பாரிஸ், 1850ஐ ஒட்டிய காலம். ஆனால் 1853 மார்ச் 6 அன்று வெனிஸில் லா ஃபெனிச்சே அரங்கில் முதன்முதலில் மேடையேறியபோது, அரங்கத்தார் வற்புறுத்தியதால் 1700ஐ ஒட்டிய காலத்து உடையில்தான் பாடினார்கள். இன்றைய இயக்குநர்கள் எந்தக் காலத்தையும் எடுப்பார்கள். 1700 என்றால் விலா முழுவதையும் கூம்பு மாதிரி மூடுகிற, தோள்பட்டை வைத்த 'ஸ்டேஸ்' வேண்டும். அதற்கு அளவெடுப்பதே வேறு. 1900க்குப் பிந்தைய நேர்முன்பக்கக் கார்செட் என்றால், அது அடிவயிற்றை அழுத்தி இடுப்புக்குக் கீழே நீண்டு இறங்கும்; பாடுகிறவளுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். 1850 என்று பதில் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அது குட்டையான கார்செட். மார்புக்கும் தொடை மேற்பகுதிக்கும் இடம் தாராளமாக விட்டு, நடுவில் மட்டும் ஒடுங்குவது. இனி எழுதுவதெல்லாம் அதற்காகத்தான்.

முதல் இரவில் வெனிஸ் ரசிகர்களில் சிலர், காசநோயில் மெலிந்து சாக வேண்டிய கதாநாயகி வாட்டசாட்டமாக இருக்கிறாரே என்று சிரித்தார்கள் என்று சொல்வதுண்டு. அந்தச் சிரிப்பைக் கார்செட்டால் அடக்க முடியாது, அடக்கவும் வேண்டாம். உங்கள் மருமகள் எந்த உடல்வாகு கொண்டவளாக இருந்தாலும் அவளை ஒல்லியாக்குவது நம் பொறுப்பு என்று யாராவது சொன்னால் அவர்களிடம் டேப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது அளவு. சுற்றளவு ஒவ்வொன்றையும் மூன்று நிலையில் எடுங்கள்: சும்மா நிற்கும்போது, முழுமூச்சு இழுத்து நிறுத்தும்போது, கடினமான ஒரு வரியைப் பாடிக்கொண்டிருக்கும்போது. மார்புக்குக் கீழே விலா மேல் ஒன்று, அந்த மெத்தென்ற இடுப்பில் ஒன்று, தொப்புளுக்குக் கீழே ஒன்று. கடைசி அளவை நாற்காலியில் உட்காரவைத்தும் எடுக்க வேண்டும், ஏனென்றால் உட்கார்ந்தால் அது கூடும். சாப்பிடாமல் வந்திருக்கிறாளா என்றும் கேளுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு எடுத்த அளவு, மாலை ஏழு மணி நாடகத்துக்குப் பொய் சொல்லும்.

ஒரு உதாரணத்துக்கு, விலாவில் சும்மா நிற்கும்போது 30 அங்குலம், முழுமூச்சில் 32½, இடுப்பு 28 என்று வைத்துக்கொள்வோம். கட்டிய நிலையில் கார்செட்டின் விலாச் சுற்று 32 இருக்கட்டும். முழுமூச்சுக்கு அரை அங்குலம் குறைவு, அவ்வளவுதான். அந்த அரை அங்குலத்தைத் துணியின் நெகிழ்வு பார்த்துக்கொள்ளும்; மூச்சின் உச்சியில் விலாவுக்கு ஒரு சுவர் தட்டுப்படும். பாடகிகள் பலருக்கு அந்தச் சுவர் பிடிக்கும், எவ்வளவு விரிந்திருக்கிறோம் என்று அது சொல்லிக்கொடுக்கிறது. இடுப்பில் 27, அதாவது ஒரே ஒரு அங்குலக் குறைப்பு. இந்த அளவுகளில் முதுகில் கயிறு கட்டும் இடைவெளியாக 2 அங்குலத்தைக் கழித்தால், துணி விலாவில் 30, இடுப்பில் 25. தொப்புளுக்குக் கீழே உட்கார்ந்து எடுத்த அளவில் அந்த 2 அங்குலத்தை மட்டும் கழியுங்கள், வேறு குறைப்பு வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது, உடம்பில் விலாவுக்கும் இடுப்புக்கும் 2 அங்குலமே வித்தியாசம், கார்செட்டில் 5. உடுக்கை போன்ற அந்த வளைவைத் தருவது இந்த வித்தியாசம்தான், நெருக்கம் அல்ல. அதற்கு மேல் மேடையில் இடுப்பைச் சிறியதாகக் காட்ட அந்தக் காலத்து உடையே உங்களுக்கு உதவும். தோளை விட்டு இறங்கிய அகலக் கழுத்து, முன்னால் கூராக இறங்கும் மேல்சட்டை, குடை மாதிரி விரியும் பாவாடை. இவை இருந்தால் பத்தாவது வரிசையில் இருப்பவர்களுக்கு 28 அங்குல இடுப்பும் 22 ஆகத் தெரியும்.

அந்தக் கூடுதல் விலா அளவை எல்லாத் துண்டுகளுக்கும் சமமாகப் பங்கு போடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு துண்டு என்றால், முன்னால் உள்ள இரண்டையும் உடம்போடு ஒட்டியே வெட்டி, விரிவைப் பக்கவாட்டுத் துண்டுகளிலும் பின் துண்டுகளிலும் கொடுங்கள். மூச்சு விரிகிற திசை அது. முன்பக்கம் தொளதொளவென்று நிற்காமல் இருப்பதும் அதனால்தான். பிரின்சஸ் கட் பிளவுஸ் வெட்டிய கை உங்களுடையது. இந்த வளைவுகள் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

எலாஸ்டிக் விஷயத்துக்கு வருகிறேன். பலரும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள், கடைகளில்கூட 'பாடகிகளுக்கு' என்று அப்படி விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எலாஸ்டிக் விரிந்து கொடுக்கும், உண்மைதான். ஆனால் விரிந்தபடியே நின்று பாட வேண்டியவளை அது ஒவ்வொரு நொடியும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். விலா தசைகள் பாட்டோடு சேர்த்து எலாஸ்டிக்கோடும் மல்லுக்கட்ட வேண்டும். 'முன்பைவிடக் களைப்பு' என்று அவள் சொன்னது சரியான வார்த்தை. நீளாத துணியில் போதிய இடம் விட்டு வெட்டினால், அந்த இடத்துக்குள் அவள் சுதந்திரமாக இருப்பாள்.

கம்பிகளை உருவிவிடலாமா? வேண்டாம். கம்பி இல்லாத கார்செட் இடுப்பில் சுருண்டு ஒரு கயிறாகிவிடும். பாவாடை நாடா உங்களுக்குத் தெரியாததா? அதே இறுக்கத்தை அகலப் பட்டியாக வைத்தால் மணிக்கணக்கில் உறுத்தாது, மெல்லிய நாடாவாக வைத்தால் அரைமணியில் தடம் பதித்துவிடும். கம்பியின் வேலை துணியை விரித்துப் பிடித்து அழுத்தத்தைப் பரப்புவது. எந்தக் கம்பி, எங்கே என்பதில்தான் மாற்றம் வேண்டும்.

முதுகில் கயிறு நுழையும் உலோகத் துளைகளான ஐலெட்டுகளின் இரு பக்கமும் தட்டை எஃகுக் கம்பி. அங்கே விறைப்பு அவசியம், இல்லாவிட்டால் கயிறு இழுக்கும் இடமெல்லாம் துணி நெளியும். மற்ற தையல்களில் சுருள் எஃகுக் கம்பி. அது பக்கவாட்டிலும் வளையும். எஃகு பிடிக்கவில்லை என்றால் செயற்கைத் திமிங்கில எலும்பு என்று விற்கும் பிளாஸ்டிக் பட்டை நல்ல மாற்று. அசல் 'திமிங்கில எலும்பு' என்பது சில வகைத் திமிங்கிலங்களின் வாயில் தொங்கும் தகடு. நம் நகத்தின் பொருளால் ஆனது, உடம்புச் சூட்டில் இளகி உருவத்துக்குப் படிந்துகொள்ளும். இந்தப் பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய அப்படியே படியும். கம்பி எதுவாக இருந்தாலும் அதன் பாதையைவிட மேலும் கீழும் கால் அங்குலம் குறைவாக வெட்டி, முனைக்குத் தொப்பி போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது ஒத்திகையில் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

முன்வயிற்றின் இருபுறமும் உள்ள துண்டுகளுக்கு எஃகே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே நூல்கயிறு வையுங்கள். 1820களிலிருந்து 1840கள் வரை பல கார்செட்டுகளை இரண்டு துணிக்கு நடுவில் பருத்திக் கயிற்றை வரிசை வரிசையாக வைத்துத் தைத்தே விறைப்பாக்கினார்கள். 1850இல் ஒரு பெண்ணிடம் அப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்பதில் தவறே இல்லை. கயிறு வைத்த துணி நிமிர்ந்து நிற்கும், வயிறு முன்னால் வந்தால் கூடவே வளைந்து கொடுக்கும். 2 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு போதும். துணியையும் கயிற்றையும் முன்கூட்டியே வெந்நீரில் நனைத்துச் சுருக்கிவிடுங்கள். ஜிப் தைக்கும் பாதத்தை மாட்டி, கயிற்றை ஒட்டித் தைக்க வேண்டும். ஒரு முக்கியமான விஷயம்: கயிறு வைக்க வைக்க அகலம் குறைந்துகொண்டே போகும். அதனால் பெரிய துண்டில் கயிறு முழுவதையும் தைத்து முடித்த பிறகே அதன் மேல் பேட்டர்னை வைத்து வெட்டுங்கள். வெட்டிவிட்டுக் கயிறு வைத்தால் இரண்டு பக்கமும் சேராது.

துணிக்கு, கார்செட்டுக்கென்றே நெருக்கி நெய்த 'கூட்டில்' என்ற பருத்தி கிடைத்தால் வாங்குங்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் நீளாத, கெட்டியான பருத்தி டிரில் போதும். குறுக்கே இழுத்துப் பாருங்கள். கொஞ்சமும் கொடுக்கக் கூடாது. பாலியஸ்டர் சாட்டினைத் தொட வேண்டாம், மேடை விளக்கில் அவள் வெந்துபோவாள். இடுப்புக் கோட்டில் உள்பக்கமாக முக்கால் அங்குல அகல குரோகிரெய்ன் என்ற கெட்டியான வரி நாடாவைச் சுற்றிலும் வைத்துத் தையுங்கள். இழுப்பின் பாரத்தை அந்த நாடா தாங்கிக்கொள்வதால் மேலே உள்ள துணி நிம்மதியாக இருக்கும்.

முன்னால் பஸ்க் வைத்திருப்பீர்கள், குமிழும் கண்ணும் உள்ள அந்த இரட்டை எஃகுப் பட்டை. முன்பக்கம் திறக்கிற பஸ்க்குக்கு 1829இல் பிரான்ஸில் காப்புரிமை வாங்கினார்கள், நூற்றாண்டின் நடுவில் பரவலானது. ஆகவே உங்கள் வயலெட்டாவுக்குப் பொருந்தும். நேரான பஸ்க்தான் வேண்டும். கீழே கரண்டி மாதிரி அகலமாவது 1870களின் சரக்கு. நீளத்தை நிற்கவைத்து முடிவு செய்யாதீர்கள். கெட்டியான நாற்காலியில் உட்காரவைத்து, மார்பின் நடுவிலிருந்து மடிவரை அளந்து, ஒன்றரை அங்குலம் கழியுங்கள். நீண்ட பஸ்க் உட்காரும்போது கீழே அடிவயிற்றைக் குத்தும் அல்லது மேலே தாடையை நோக்கிக் கிளம்பும். இவளோ சோபாவில் சாய வேண்டும், மண்டியிட வேண்டும், மயங்கி விழ வேண்டும்.

முதுகுக் கயிற்றை நான் இரண்டாகப் பிரிப்பேன். விலாப் பகுதிக்கு ஒன்று, இடுப்புக்கும் கீழுக்கும் ஒன்று. இடுப்பைக் கொஞ்சம் கூட்டிக் கட்டினாலும் விலாவின் இடம் பறிபோகாது. கட்டும் முறையை அவளுக்கு மட்டுமல்ல, மேடைக்குப் பின்னால் உடை மாட்டுகிற பெண்ணுக்கும் சொல்லிக்கொடுங்கள். முழுமூச்சு இழுத்து நிறுத்தச் சொல்லி, அந்த நிலையில் மேல் கயிற்றைக் கட்ட வேண்டும். சரியான இடம் கிடைத்த அன்றே, ஐலெட்டில் நுழையும் இடத்தில் கயிற்றில் மையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நாடக நாளில் பதற்றத்தில் எல்லோரும் இறுக்கித்தான் கட்டுவார்கள். கோட்டைத் தாண்டாதே என்று சொல்ல உங்களுக்கு ஓர் ஆதாரம் வேண்டும். முடிச்சு வேண்டாம், இழுத்தால் அவிழும் சுருக்கு மட்டும். கழற்றும்போது முதலில் முதுகுக் கயிற்றைத் தளர்த்திவிட்டுப் பிறகுதான் பஸ்க்கைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் குமிழ் பிய்ந்து வரும்.

நல்ல துணியில் கை வைக்கும் முன் ஒரு மாதிரி தைத்தே ஆக வேண்டும். பழைய கெட்டித் துணி, ஒட்டுநாடாவால் ஒட்டிய கம்பிகள், முதுகில் தனியாகத் தைத்த ஐலெட் பட்டி, இவ்வளவு போதும். கண்ணாடி முன் நிறுத்தி அழகு பார்ப்பதற்காக அல்ல இது. அதைப் போட்டுக்கொண்டு அவள் பாட வேண்டும். முடிந்தால் அவளுடைய குரல் ஆசிரியரும் இருக்கட்டும், நம் காதுக்குப் படாதது அவருக்குப் படும். முதல் அங்கத்தின் கடைசியில் வரும் அந்தப் பெரிய பாட்டை முழுக்குரலில் பாடச் சொல்லுங்கள். வெர்தி எழுதாத, ஆனாலும் பலர் பாடி முடிக்கும் அந்த உச்ச 'ஈ ஃபிளாட்' சுரத்தை அவள் பாடப்போகிறாள் என்றால் அதையும் சேர்த்து. நீங்கள் சுரத்தைக் கவனிக்க வேண்டாம். காறை எலும்பையும் தோளையும் பாருங்கள். அவை ஏறினால் விலாவில் இன்னும் இடம் வேண்டும். நடுவில் அவசரமாக மூச்சு வாங்கும் இடங்களில் வயிறு தடைபடுகிறதா என்று அவளையே கேளுங்கள். உட்கார்ந்து பாடட்டும், சாய்ந்து பாடட்டும். அக்குள் உரசுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். குறை இருந்தால் மாதிரியில் கிழித்து, துண்டு வைத்து, மறுபடி பாடவைத்து, எவ்வளவு கூடியதோ அதைப் பேட்டர்னில் ஏற்றுங்கள்.

எல்லாம் சரியாக வந்த பிறகும் ஒரு நாசவேலை நடக்கும், அது மேலே போடும் உடையில். கார்செட்டை ஒருவர் தைத்து, மேல்சட்டையை இன்னொருவர் தைத்து, பாவாடையை வாடகைக்கு எடுக்கும் இடங்களில் இது சகஜம். நீங்கள் கஷ்டப்பட்டு விட்ட 2 அங்குலத்தை, சும்மா நிற்கும்போது அளவெடுத்த மேல்சட்டை ஒரே நொடியில் பிடுங்கிக்கொள்ளும். மேல்சட்டைக்கு அளவெடுப்பவரிடம், கார்செட்டைப் போட்டு முழுமூச்சில் எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டாவது வாங்குங்கள். அதன் முதுகில் கொக்கிக்குப் பதிலாகக் கயிறு வைத்தால் இன்னும் நல்லது.

பாவாடைகளின் கதை தனி. பாவாடையை விரித்துப் பிடிக்கும் எஃகு வளையக் கூண்டு 1856இல்தான் வந்தது; அதற்கு முன் குதிரைமயிர் கலந்த துணியிலும் கஞ்சி போட்ட துணியிலும் உள்பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தி விரிவு காட்டினார்கள். அத்தனை நாடாக்களும் இடுப்பில் ஒரே இடத்தில் விழும். இயக்குநர் கண்டிப்பான ஆளாக இல்லாவிட்டால் சில வருடம் ஏமாற்றிக் கூண்டையே போட்டுவிடுங்கள், எடை பெரிதும் குறையும். உள்பாவாடைதான் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே அகலப் பட்டியில் சேர்த்துத் தையுங்கள். அந்தப் பட்டியின் பின்பாதியில் எலாஸ்டிக் வைக்கலாம்; இங்கே எனக்கு ஆட்சேபம் இல்லை, பாரத்தைக் கார்செட் தாங்கிக்கொள்ளும்.

உள்ளே போட மெல்லிய பருத்தியில் இரண்டு சிம்மீஸ் தைத்துவையுங்கள், இடுப்பில் தையல் இல்லாமல். வியர்வை அதோடு நின்றுவிடும், அவற்றைத் துவைத்துக்கொள்ளலாம். கார்செட்டைத் துவைக்கக் கூடாது. கழற்றியதும் விரித்துக் காற்றாட விட வேண்டும். நாற்றம் போக நாடக உடைக்காரர்கள் தண்ணீர் கலந்த வோட்காவைத் தெளிப்பார்கள். வீட்டில் அந்தப் போத்தலைப் பார்த்து யாராவது கேள்வி கேட்டால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு நாள் கொடுங்கள். ஒத்திகை தொடங்கும்போதே கார்செட் அவள் கையில் இருக்க வேண்டும். முதல் நாள் இருபது நிமிடம் நடமாட மட்டும், பிறகு குரல் பயிற்சிக்கு, பிறகு ஒரு முழு அங்கத்துக்கு. குரலைத் தயார் செய்யும் பயிற்சியை எப்போதும் கட்டுவதற்கு முன் முடித்துக்கொள்ளட்டும். நெஞ்செரிச்சல் உள்ளவளா என்று கேட்டுவையுங்கள். வயிற்றில் அழுத்தம் கூடினால் அமிலம் மேலே வரும், அது குரல்வளைக்கு ஆகாது. அப்படியானால் இடுப்பில் அந்த ஒரு அங்குலத்தைக்கூடக் குறைக்க வேண்டாம். கடைசி அங்கத்தில் வயலெட்டா படுக்கையில் கிடக்கிறாள், அங்கே கார்செட்டுக்கு வேலையே இல்லை. சிம்மீஸும் மேலே ஒரு தளர்ந்த அங்கியும் போதும். இடைவேளையில் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

பழைய கார்செட்டைப் பிரித்துப் போடுங்கள். பஸ்க்கின் நீளம் உட்கார்ந்த அளவுக்குச் சரியாக இருந்தால் புதியதற்கு அதுவே ஆகும். கம்பிகளில் வளையாதவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். ஐலெட்டுகள் மட்டும் திரும்ப உதவாது, புதிதாக வாங்குங்கள், பின்பக்கம் வாஷர் உள்ள இரண்டு துண்டு வகையாகப் பார்த்து.